வெறும் கவிதையா?

பக்திப் பாட்டைப் பக்தனால்தான் மொழிபெயர்க்க முடியும் என்று ஒரு பேச்சு நம்மிடம் நெடுநாளாக உண்டு. கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே. ராமானுஜன் பெயரை எடுத்தால் போதும், 'அவர் நம்மாழ்வாரை வெறும் கவிதையாகத்தானே பார்த்தார்' என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அந்த 'வெறும்' என்ற சொல்லோடுதான் என் சண்டை.

1929இல் மைசூரில், தமிழ் ஐயங்கார் வீட்டில் பிறந்தவர். மாடியில் அப்பாவோடு ஆங்கிலம், கீழே அடுக்களையில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். மூன்று மொழிக்கும் நடுவே படியேறி இறங்கிய பிள்ளை. ஆழ்வார் என்றால் ஆழ்ந்தவர் என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லில் ஈரமே இல்லை. 1981இல் நம்மாழ்வாரை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது, 'மூழ்குகிறவர்களுக்கான பாடல்கள்' என்று பொருள்படும்படி தலைப்பு வைத்தார். பழைய வேர்ச்சொல்லுக்குள் மறுபடி தண்ணீர் வந்துவிட்டது.

இதைவிடப் பெரிய வேலை வாக்கியத்தில் நடந்தது. தமிழில் அடைமொழிகள் முன்னால் வரிசைகட்டி நிற்கும். பெயர் பிறகுதான் வரும், வினைமுற்று கடைசியில். ஆங்கிலத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. ராமானுஜன் வரிகளை உடைத்து, படிக்கட்டுபோல் உள்ளே தள்ளித் தள்ளி அடுக்கி, ஆங்கில வாசகரையும் காக்கவைத்தார். கடவுளுக்காகக் காத்திருப்பதும் வினைமுற்றுக்காகக் காத்திருப்பதும் பாசுரத்தில் ஒரே காத்திருப்புதான். (இப்படிச் சொல்வது நான், அவர் மேல் பழி போட வேண்டாம்.)

சொல்லை நோண்டுவது நம்பாதவன் வேலை என்பவர்கள், நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு எழுந்த ஈடு என்ற உரையைப் பிரித்துப் பார்க்கட்டும். நம்பிள்ளை சொல்ல, வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிய முப்பத்தாறாயிரப்படி அது. படிக்கு 32 எழுத்து. திருவாய்மொழியின் 1102 பாசுரங்களுக்கு அத்தனை உரை! பரமபக்தர்களே சொல்லுக்குச் சொல் நின்று நிதானித்திருக்கிறார்கள்.

பரவசம் வந்தால் பாட்டு தானாக வரும் என்பது இதே நம்பிக்கையின் தம்பி. ராமானுஜன் அதையும் சோதித்துப் பார்த்தவர். 1971இல் மெஸ்கலின் என்ற போதைப்பொருளை உட்கொண்டு, கண்டதையெல்லாம் எழுதிவைத்தார். அதிலிருந்து பிறந்த 'சோமா' கவிதைகளை ஆண்டுக்கணக்கில் திருத்தினார். தொகுப்பாக வெளியிட மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. 1993இல் இறந்தார், நூல் வந்தது 2023இல்.

அவர் குற்றமற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. வீரசைவ அடியார்களின் வசனங்கள் என்ற கன்னடப் பாடல்களை மொழிபெயர்க்கையில் நவீன ஆங்கில வாசகரின் ருசிக்கு வளைத்துவிட்டார் என்று மொழிபெயர்ப்பு ஆய்வாளர் தேஜஸ்வினி நிரஞ்சனா 1992இல் எழுதினார். அதில் நியாயம் இருக்கிறது. அந்த அடியார்களில் ஒருவரான அக்கமகாதேவியின் முத்திரையான 'சென்னமல்லிகார்ஜுனா'வை மல்லிகைபோல் வெளுத்த இறைவன் என்று ஆக்கியது எனக்கும் உறுத்துகிறது. ஸ்ரீசைலத்துச் சாமி அதில் காணாமல் போகிறார். ஆனால், இந்தக் குறையைக் கண்டுபிடிக்க எனக்குத் திருநீறு தேவைப்படவில்லை. கன்னட மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.