திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது?

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் ஆடைப் பிரிவுக்கு நிதி திரட்டும் பொருட்டு, தலைக்கு 50 டாலர் சீட்டு வைத்து 1948-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு நள்ளிரவு விருந்து, நாளடைவில் வளர்ந்து பெருகி, இன்று மே மாதத்து முதல் திங்கட்கிழமை இரவை உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் எதிர்நோக்கும் மகா வைபவமாகிவிட்டது. நம் நாட்டிலும் 2023-இல், மும்பையில் நீதா முகேஷ் அம்பானி கலாசார மையத்தின் திறப்போடு ‘இந்தியா இன் ஃபேஷன்’ கண்காட்சி தொடங்கியபோது, ஹாலிவுட் நட்சத்திரங்கள் வரை வந்திறங்கினார்கள். வந்தவர் உடுத்தியிருந்ததைப் பற்றி எழுதப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட, உள்ளே காட்சிக்கு வைத்திருந்ததைப் பற்றி எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

இதைக் கண்டு முகம் சுளிக்கும் அறிஞர் பலர் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனித் திருமஞ்சனத்தன்றும் மார்கழித் திருவாதிரையன்றும் சிதம்பரத்தில் ஆயிரக்கால் மண்டபத்து அபிஷேகம் முடிந்து, தேரேறி வீதிவலம் வந்த மூலமூர்த்தியே மறுபடியும் அலங்காரம் கொண்டு வெளிப்படும் அந்தத் தரிசனத்துக்காக, பொழுது ஏறியதையும் பசி எடுத்ததையும் பொருட்படுத்தாமல் காத்துக் கிடக்கும் ஜனத்திரள், தானும் பட்டும் சரிகையும் உடுத்தி, பக்கத்தில் நிற்பவள் புடவையின் கரை எந்த ஊர்க் கரை என்று ஓரக்கண்ணால் அளந்துகொண்டுதான் நிற்கிறது. அதனால் பக்திக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. அதே கோயிலில் சிவகாமியம்மன் சந்நிதியின் விதானத்தை அண்ணாந்து பார்த்தால், நாயக்கர் காலத்து ஓவியன் ஒவ்வோர் உருவத்துக்கும் கட்டமும் பூவும் கொடியுமாக ஆடைகளை எவ்வளவு சிரத்தையோடு எழுதியிருக்கிறான் என்பது விளங்கும். ஆடையைப் பார்க்கப் போகிறவர் ஆடையலங்காரத்தோடு போவதில் என்ன தோஷம்?

என் மனக்குறை வேறு. மேனாட்டு அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டிகளில் தொங்கும் நம் துணிகளின் விவரச்சீட்டுகளைப் பாருங்கள்: ‘சோழமண்டலக் கடற்கரை, 18-ஆம் நூற்றாண்டு’. ஊர் இல்லை, பேர் இல்லை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2015-இல் நடத்திய இந்தியத் துணிக் கண்காட்சியில் திப்பு சுல்தானின் சித்திரத் துணிக் கூடாரம் நடுநாயகமாக நின்றது. திப்பு வீழ்ந்தபின் அது போய்ச் சேர்ந்தது கிளைவ் குடும்பத்தாரிடம். அந்தக் குடும்பத்து ராபர்ட் கிளைவ் 1756-இல் அதிகாரம் செலுத்தியது நம் கடலூர்த் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில். கூடாரத்துக்கு உடையவன் யார், அதைக் கவர்ந்தவன் யார், காத்தவன் யார் என்பதெல்லாம் சரித்திரத்தில் இருக்கிறது. எழுதிய கை மட்டும் இல்லை. தமிழர் பெருவாரியாக வாழும் டொரண்டோ நகரத்திலே ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம் 2020-இல் திறந்த கண்காட்சியோ உலகையே மாற்றிய துணி என்று நம் சித்திரப் பருத்தித் துணியைக் கொண்டாடியது.

அந்தப் புகழ் மிகையன்று. கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்திய துணியில், இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கறுப்புக் கோடிட்டு, சிவக்க வேண்டிய இடத்தில் மட்டும் படிகாரம் தீட்டிச் சாயவேரிலே கொதிக்கவைத்து, நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்கியெடுக்கும் அந்த வித்தையை, 1742-இல் புதுச்சேரிப் பக்கத்துச் சித்திரக்காரர்களிடம் கேட்டறிந்து கடிதமாகப் பிரான்ஸுக்கு எழுதினார் கேர்தூ பாதிரியார். துவைத்தும் போகாத அந்த வர்ணத்துக்கு அஞ்சி, தம் நாட்டுத் தறிகளைக் காப்பதற்காகப் பிரான்ஸ் 1686-இலும், இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டம் போட்டுத் தடுத்தன. பாலுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்காக: அதன் கொழுப்பு, தீட்டிய நீர் துணியில் பரவிப் படராமல் பிடித்துக்கொள்ளும்.

கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் கப்பலேறியது அனைத்தும் சித்திரத் துணியல்ல. வெள்ளையும் நீலமுமே மிகுதி. ஆயினும் 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிய கிழக்கிந்தியக் கும்பினியார், அங்கிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழுந்த எல்லைவரை தமதென்று வளைத்துக்கொண்டது கடற்காற்று வாங்குவதற்கல்ல, துணிக்காகத்தான். அந்தக் குண்டு இன்றும் குண்டு உப்பலவாடியின் பேரில் இருக்கிறது; துணியின் ஞாபகம் எந்த ஊர்ப் பேரிலும் இல்லை.

கடலூரில் அரசு அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அங்கே ஓர் ஆடைக் கண்காட்சி வைக்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம். லண்டனிலிருந்து துணி வந்தால் நல்லது. வராவிட்டால் நல்ல புகைப்படங்கள் போதும். பக்கத்திலே சாயவேரும் கடுக்காயும் அவுரியும் தொட்டுப் பார்க்கும்படி இருக்கட்டும். அமைச்சர்களும் பிரமுகர்களும் தாராளமாக வரட்டும். சினிமா நட்சத்திரம் ஒருவர் வந்து தெருவெல்லாம் கூட்டம் கூடினாலும் மெத்தச் சந்தோஷம். ஆனால் முதல் வரிசை நாற்காலிகள் குறிஞ்சிப்பாடியிலும் புவனகிரியிலும் விசைத்தறியின் நெருக்கடிக்கு ஈடுகொடுத்து இன்னும் கைத்தறியில் உட்காருகிறவர்களுக்கு உரியவை. விவரச்சீட்டில் ஊரோடு அவர்கள் பேரும் இருக்க வேண்டும். குறிஞ்சிப்பாடித் தறிகள் நெடுங்காலமாக நெய்து பேர் வாங்கியது லுங்கி. ஆகவே அழைப்பிதழில் உடை பற்றி நியமம் ஏதேனும் அச்சிட்டே தீரவேண்டுமென்று அதிகாரிகள் கருதுவார்களானால், லுங்கி கட்டி வருவோரை வாசலில் நிறுத்தலாகாது என்பதை அதன் முதல் வரியாக அச்சிடலாம்.