அட்ஜஸ்ட் பண்ணிக்கோ

டீச்சர் ரிட்டையர் ஆகியும் பாடம் நடத்துவதை விடவில்லை என்று சிரிக்காமல் படியுங்கள்.

ஆங்கிலத்தில் அட்ஜஸ்ட் என்பது பெரும்பாலும் பொருளின் மேல் செய்கிற வேலை. மூக்குக் கண்ணாடி, கடிகார முள், பைக் கண்ணாடி இவற்றைச் சற்றே நகர்த்திச் சரியாக வைப்பது. ஆளைப் பற்றிச் சொன்னால், புதிய சூழலுக்குப் பழகுவது. இன்ஷூரன்ஸில் நஷ்டத்தைக் கணக்கிட்டுத் தீர்ப்பதற்கும் இதே சொல்தான்.

நம் ஊரில் அதன் கதையே வேறு. காலை எட்டு மணிக்கு வண்டலூரில் பீச் வண்டி ஏறிப் பாருங்கள். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் வந்து "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கம்மா" என்பார். லண்டன்காரரிடம் இதைச் சொன்னால், எதைச் சரிசெய்ய வேண்டும் என்று முழிப்பார். ஆனால் அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கு 'அருகே கொண்டுவருதல்' என்றுதான் பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அகராதி கைவிட்டதை நம் மின்சார ரயில் காப்பாற்றி வைத்திருக்கிறது! இந்த அட்ஜஸ்ட் எனக்குப் பிடிக்கும். தாம்பரம் வரைக்கும்தான் நெருக்கடி, நாளைக்கு அவர் நமக்கு நகர்ந்து கொடுப்பார்.

வாடகையை அட்வான்ஸில் அட்ஜஸ்ட் பண்ணுவதும் சரிதான். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடிக்காதது, கல்யாணமான பெண் போனில் அழும்போது சொல்கிற அட்ஜஸ்ட். 'பண்ணு' என்றால் ஏதோ ஒன்றைச் சரிசெய் என்று அர்த்தம். அதில் 'கொள்' என்ற துணைவினை சேர்ந்து 'பண்ணிக்கோ' ஆனவுடன் பாரம் முழுக்கக் கேட்பவள் தலையில் ஏறிவிடுகிறது. எதைச் சரிசெய்வது? அவளையேதான்.

வேலைக்குப் போகாதே என்றாலும் அட்ஜஸ்ட், சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டாலும் அட்ஜஸ்ட், மாப்பிள்ளை கை நீட்டினாலும் அட்ஜஸ்ட். தமிழில் சொல்வதானால் ஒவ்வொன்றுக்கும் தனி வினை வேண்டும். விட்டுக்கொடு என்று சொல்லலாம், ஆனால் விட்டுக்கொடுக்க முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். பொறுத்துக்கொள் என்றால் எத்தனை நாள் என்ற கேள்வி வரும். 'அடி வாங்கிக்கொண்டு இரு' என்று சொல்ல எந்தத் தாய்க்கும் நாக்கு எழாது. அட்ஜஸ்ட் என்றால் மட்டும் சுலபமாக எழுந்துவிடுகிறது.

இதே சொல் இன்னும் எவ்வளவு கீழே இறங்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. கேரள அரசு 2017இல் அமைத்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானது. மலையாள சினிமாவில் வாய்ப்புத் தேடி வரும் பெண்களிடம் 'அட்ஜஸ்ட்மென்ட்', 'காம்ப்ரமைஸ்' என்ற சொற்கள் எதற்காகப் புழங்குகின்றன என்று அதில் எழுதியிருந்தது. கேட்கவே கூசுவதைக் கூசாமல் கேட்க ஒரு ஆங்கிலச் சொல்!

கை நீட்டுவதற்குச் சட்டத்தில் குடும்ப வன்முறை என்று பெயர். 2005ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பெண்களுக்கான உதவி எண் 181.

அக்காமார்களே, அண்ணிமார்களே, அடுத்த முறை பெண் போன் பண்ணினால் அந்தச் சொல்லை எடுக்காமல் "என்ன நடந்தது, முழுசாச் சொல்லு" என்று கேளுங்கள். என் மாணவிகளே, கேட்க ஆளில்லை என்றால் என் நம்பர் உங்களிடம் இருக்கிறது. ராத்திரி பதினோரு மணியானாலும் எடுப்பேன்.