காய்ச்சல் விட்ட பிறகு குழந்தை தள்ளாடினால்...

காய்ச்சல் விட்டுப் பத்து நாள் ஆகியிருக்கும். ஓடியாடிய குழந்தை திடீரெனத் தள்ளாடும், பேச்சு குழறும், எழுப்பினாலும் தூங்கி வழியும். 'காய்ச்சல் அடிச்ச அசதி, சாப்பிட்டா சரியாப் போயிடும்' என்று விட்டுவிடுவார்கள். ஆபத்து அங்கேதான்.

இது 'ஏடெம்' எனப்படும் மூளை, தண்டுவட அழற்சியாக இருக்கலாம். வைரஸை விரட்டக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி, ஆள் மாறி, நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்கிவிடுகிறது. வயரின் மேலுறை உரிந்த கதைதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒட்டாது. அரிதானது, ஆனாலும் தட்டம்மை வந்தவர்களில் சுமார் 1,000 பேருக்கு ஒருவருக்கு வருகிறது. 9 மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசியைத் தள்ளிப்போடும் பெற்றோர் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

சி.டி. ஸ்கேனில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும். சிகிச்சை, டிரிப்ஸில் 3 முதல் 5 நாள் ஸ்டீராய்டு. 'சின்னப் புள்ளைக்கு ஸ்டீராய்டா?' என்று பதற வேண்டாம். இங்கே அதுதான் முதல் மருந்து. பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடுகிறார்கள்.

காய்ச்சலுக்கு மருந்து எழுதும் டாக்டர், 'இன்னும் மூணு, நாலு வாரம் நடையைக் கவனிங்க. வலிப்பு வந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்னைக்கே தூக்கிட்டு வாங்க' என்று சொல்லி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஒரு வரி எல்லாப் பெற்றோருக்கும் கிடைப்பதில்லை.