அக்கரைக் குடித்தனம்: ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் அந்த ஒரு கடை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு போன் அடித்தால் இரண்டே காரணம்தான் இருக்கும். ஊரில் யாருக்கோ என்னவோ ஆகியிருக்கும். இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் நம்ம ஆள் யாராவது சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். ஜெர்மனியில் பதினாலு வருடம் குடித்தனம் நடத்தியதில் எனக்குத் தெரிந்தது இந்த இரண்டுதான். அன்றைக்கு வந்தது மூன்றாவது.

“அக்கா, தூங்குறீங்களா?”

கிசுகிசுவென்று குரல். பின்னால் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம். பாத்ரூமில் நின்றுகொண்டு பேசுகிறாள் என்று புரிந்தது. எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் மதுரைப் பெண். குழந்தைக்கு எட்டு மாதம். சிசேரியன். மாமியார் மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார்.

“நேத்து ராத்திரி அது கிழிஞ்சிருச்சுக்கா.”

எது என்று நான் கேட்கவில்லை.

“தையல் போட்டு எட்டு மாசந்தான் ஆகுது. டாக்டர் அடுத்ததுக்கு நல்ல இடைவெளி விடணும்னு சொல்லியிருக்காங்க. அம்மாகிட்ட போன்ல மெதுவா கேட்டேன். பால் குடுக்குற வரைக்கும் நிக்காது, சும்மா இருன்னுட்டாங்க. இவர் திங்கக்கிழமை டாக்டரைப் பாக்கலாம்ங்கிறார். டாக்டரோட அப்பாயின்ட்மென்ட் ஆறு வாரம் கழிச்சுத்தான் இருக்கு.” கடைசி வாக்கியத்தில் அழுதுவிட்டாள்.

(அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பால் கொடுத்தால் கரு நிற்காது என்பது நம் வீடுகளில் எல்லாப் பாட்டிகளும் சொல்வது. அதில் பாதி உண்மை இருப்பதுதான் வம்பு. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுத்திருக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் அதை நம்பலாம். இவள் குழந்தை எட்டாம் மாதத்தில் பருப்புச் சாதமும் மசித்த வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஆக, அம்மா சொன்னது இவளுக்குப் பொருந்தாது.

“பத்து மணி நேரம்தானே ஆச்சு? கிளம்பி நில்லு, வரேன்” என்றேன்.

இங்கே ஞாயிறு என்றால் ஊரே அடைத்துக் கிடக்கும். பால் பாக்கெட் வாங்கக்கூட பெட்ரோல் பங்க் போக வேண்டும். ஆனால் மருந்துக் கடைக்கு மட்டும் ஒரு ஏற்பாடு உண்டு. அந்தச் சுற்று வட்டாரத்துக் கடைகள் முறை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஒரு கடை இரவும் பகலும் திறந்திருக்கும். இதற்கு ‘நோட்டீன்ஸ்ட்’ என்று பெயர். இன்றைக்கு எந்தக் கடை முறை என்று எல்லா மருந்துக் கடைக் கதவிலும் ஒட்டியிருக்கும். செல்போனிலிருந்து 22833 என்ற எண்ணுக்கு அடித்தாலும் சொல்வார்கள். சிவப்பு எழுத்தில் ‘ஏ’ போட்டு, கூடவே பாம்பும் கிண்ணமும் வரைந்திருந்தால் அது மருந்துக் கடை. இரவிலும் ஞாயிறிலும் கூடுதலாக 2.50 யூரோ வாங்குவார்கள். அதற்கு நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

எங்களுக்கு அன்று அமைந்தது ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு சிற்றூர்க் கடை. மாமியாரிடம் குழந்தையின் வைட்டமின் டி மாத்திரை தீர்ந்துவிட்டதாகச் சொன்னோம். “அதுக்கு ரெண்டு பேரா போறீங்க?” என்று அவர் கேட்டதற்கு நாங்கள் இருவரும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

காரில் ஏறியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “சீட்டு இல்லாம தருவாங்களா?” என்பதுதான். தருவார்கள். 2015 மார்ச்சிலிருந்து ஜெர்மனியில் அவசர கருத்தடை மாத்திரைக்கு டாக்டர் சீட்டு தேவையில்லை. ஆனால் ஆன்லைனில் விற்க அனுமதி கிடையாது. கடைக்கு நேரில்தான் போக வேண்டும், மாத்திரை போடப் போகிற பெண்ணிடமே பேசத்தான் கடைக்காரர்கள் விரும்புவார்கள். கணவரை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் தோழிகள் இதை மனதில் வையுங்கள்.

கேட்பதும் சுலபம். ‘பில்லெ டனாஹ்’. பிறகு போடும் மாத்திரை என்று அர்த்தம். உச்சரிக்கத் தயக்கமாக இருந்தால் போனில் எழுதிக் காட்டலாம். இவளும் அப்படித்தான் காட்டினாள். அங்கே இருந்த நரைத்த தலை அம்மா அதைப் பார்த்துவிட்டு, புருவத்தைக்கூட உயர்த்தாமல், பக்கவாட்டு அறைக்குக் கூட்டிப் போனார். எத்தனை மணிக்கு நடந்தது, கடைசி மாதவிலக்கு எப்போது, வேறு மாத்திரை எதுவும் எடுக்கிறாயா, பால் கொடுக்கிறாயா. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கவில்லை. அதைக் கேட்காததுதான் அவளுக்குப் பெரிய ஆச்சரியம். திரும்பி வருகிற வழியில் இரண்டு முறை சொன்னாள்.

அந்தக் கேள்விகளில் கடைசி இரண்டும் முக்கியமானவை. இங்கே இரண்டு வகை மாத்திரை உண்டு. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். யுலிப்ரிஸ்டல் 30 மில்லிகிராம், ஐந்து நாள் வரை போடலாம். எதுவானாலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முதலாவது சுமார் 20 யூரோ, இரண்டாவது 30 யூரோவுக்கு மேல். விலையும் நாளும் அதிகம் என்பதால் இரண்டாவதுதான் உயர்ந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதைப் போட்டால் ஒரு வாரத்துக்குத் தாய்ப்பாலைப் பிழிந்து கொட்டச் சொல்வார்கள். எட்டு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு, மாமியார் முன்னால் எப்படி? அதனால் முதலாவதையே கொடுத்தார். குழந்தைக்கு முதலில் பால் கொடு, உடனே மாத்திரையைப் போடு, எட்டு மணி நேரம் கழித்து அடுத்த பால் என்று கணக்கு எழுதியும் கொடுத்தார். மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை போட வேண்டும் என்றார்.

வேறு மருந்து பற்றிக் கேட்பதற்கும் காரணம் உண்டு. வலிப்புக்கான சில மாத்திரைகளும், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் இதன் வேலையைக் கெடுக்கும். மனச்சோர்வுக்கு என்று இங்கே சீட்டில்லாமல் விற்கும் ‘யோஹானிஸ்கிரௌட்’ என்ற மூலிகை மாத்திரையும் அப்படித்தான். மூலிகைதானே என்று அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள், “இது கருவைக் கலைக்கிற மாத்திரையா?” இல்லை. நம் ஊரில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். இந்த மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். விந்தணு உடம்புக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். அதற்குள் முட்டை வராமல் பார்த்துக்கொள்கிறது. முட்டை ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால் இதனால் பயனில்லை. கரு ஏற்கெனவே நின்றிருந்தால் அதை ஒன்றும் செய்யாது. தள்ளிப்போன முட்டை பிறகு எப்போதாவது வரும் என்பதால், போட்டாயிற்று, இந்த மாதத்துக்குக் கவலையில்லை என்றும் இருக்க முடியாது.

இவ்வளவும் படித்தவள் நான் இல்லை, அந்தக் கடைக்கார அம்மா சொன்னதைத்தான் சொல்கிறேன். காப்பர் டி ஐந்து நாளுக்குள் போட்டால் மாத்திரைகளைவிட நிச்சயமானது என்றும் சொன்னார். ஆனால் ஐந்து நாளுக்குள் அதைப் போட்டுவிட டாக்டர் கிடைக்க வேண்டுமே!

வீடு திரும்பும்போதுதான் அவள் முழுக் கதையையும் சொன்னாள். குழந்தை பிறப்பதற்கு முன்னால், ஊரில் இருந்தபோது, அவள் எடுத்துக்கொண்டது ‘சஹேலி’. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. ஹார்மோன் இல்லை, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. அரசு மையங்களில் ‘சாயா’ என்ற பெயரில் இலவசமாகவே தருகிறார்கள். நம் நாட்டுச் சரக்கு என்பதாலோ என்னவோ, ஐரோப்பியக் கடைகளில் அது கிடையாது. சொன்னால் புரிந்துகொள்ளவும் ஆளில்லை. பிரசவத்துக்குப் பிறகு மதுரையில் இருக்கும் அக்காவிடம் சொல்லி மூன்று அட்டை பார்சலில் அனுப்பச் சொல்லியிருக்கிறாள். பார்சல் சுங்கத்தில் நின்றுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனி ஆளுக்குத் தபாலில் மருந்து வரக் கூடாது என்பது இங்குள்ள சட்டம். அதே மாத்திரையை விமானத்தில் வரும்போது பெட்டியில், சொந்தத் தேவைக்கு, அதிகபட்சம் மூன்று மாத அளவு கொண்டுவரலாம். மாமியார்தான் கொண்டுவந்திருக்க முடியும். அவரிடம் எந்த வாயால் கேட்பது?

எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. சிரிப்பு வராத வேடிக்கை. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் மாதாந்திர மாத்திரையான மாலா டி-யைச் சீட்டில்லாமல் வாங்கிவிடலாம். அவசர மாத்திரையையும் சீட்டில்லாமல் விற்கலாம் என்றுதான் மத்திய அரசின் விதி இருக்கிறது. அரசுத் திட்டத்திலேயே ‘ஈசி பில்’ என்று ஒன்று உண்டு. ஆனால் சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும், “அதெல்லாம் வெக்கறதில்லைங்க” என்ற பதில். பெங்களூரிலிருந்து வருகிற தோழியிடம் சொல்லிவிடுகிற பொருளாக அது இருக்கிறது. ஜெர்மனியில் அப்படியே தலைகீழ். அவசர மாத்திரை ஞாயிற்றுக்கிழமையும் கையில் கிடைக்கும். மாதாந்திர மாத்திரைக்கு டாக்டர் சீட்டு கட்டாயம். அந்தச் சீட்டுக்கு அர்த்தமும் இருக்கிறது. ரத்த அழுத்தம், ரத்தக் கட்டு, கண்ணில் மின்னல் அடிப்பது போலத் தொடங்கும் ஒற்றைத் தலைவலி, 35 வயதுக்கு மேல் புகைபிடிக்கும் பழக்கம் என்று இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆபத்து. ஆனால் டாக்டரைப் பிடிக்க ஆறு வாரம் ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

மற்ற ஊர்களில் இருக்கும் தோழிகளுக்கு இந்தக் கணக்கு மாறும். சிங்கப்பூரில் அவசர மாத்திரைக்கும் டாக்டரைப் பார்த்தாக வேண்டும், கடையில் நேராகக் கேட்டால் தர மாட்டார்கள். இங்கிலாந்தில் 2025 அக்டோபரிலிருந்து பெரும்பாலான மருந்துக் கடைகளிலேயே இலவசம். அமெரிக்காவில் அவசர மாத்திரைக்குச் சீட்டு வேண்டாம். 2024-லிருந்து ‘ஓபில்’ என்ற தினசரி மாத்திரைக்கும் வேண்டாம். நீங்கள் இருக்கும் ஊரில் எப்படி என்று ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் கடையில் போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விமானம் ஏறப் போகிறவர்கள் மாத்திரையின் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை எழுதி எடுத்துப் போங்கள். அட்டையும் பெட்டியும் டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். போய் இறங்கிய முதல் மாதத்திலேயே, ஒரு தேவையும் இல்லாதபோதே, பெண்கள் டாக்டரிடம் பெயரைப் பதிந்துவிடுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டு, இரண்டாவது வருடத்தில் அவதிப்பட்டது தனிக் கதை.

இவளுக்குப் பிரசவத்துக்குப் பிறகு மாதவிலக்கு ஒழுங்காக வரத் தொடங்கவில்லை. அதனால் நாள் தள்ளிப்போகிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. மூன்று வாரம் கழித்து வீட்டிலேயே சோதனை செய்துகொள்ளச் சொல்லியிருந்தார்கள். அந்த மூன்று வாரமும் தினம் ஒரு மெசேஜ். இருபத்தோராம் நாள் காலை ஒரு போட்டோ வந்தது, ஒரே ஒரு கோடு. கீழே எதுவும் எழுதவில்லை. நானும் ஒரு இதயத்தை அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன்.

ஆறாவது வாரம் டாக்டரிடம் போய்க் காப்பர் டி போட்டுக்கொண்டாள். 22 வயதைத் தாண்டிய பெண்கள் இங்கே அதற்குச் சில நூறு யூரோ கைக்காசு போட வேண்டும். கணவர் ஒரு வார்த்தை பேசாமல் கட்டினார். அன்று சாயங்காலம் அடிவயிறு சுருட்டிப் பிடிக்க, வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு சோபாவில் படுத்திருந்தாளாம். மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “காப்பர் டி-யா?” என்று கேட்டிருக்கிறார்.

இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. “உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?”

“நானும் போட்டிருக்கேன்ல. ரெண்டு நாள் இப்படித்தான் இருக்கும். பெரியாஸ்பத்திரியில போட்டது, உங்க மாமாவுக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொன்னேன்.” பையில் தண்ணீர் ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: “பால் குடுத்தா நிக்காதுன்னு எங்க அம்மாவும்தான் சொன்னாங்க. உன் புருசனுக்கும் உன் நாத்தனாருக்கும் பதினாலு மாசந்தான் வித்தியாசம். ஏன்னு நெனச்ச?”