ரேர்போவுக்கு முன் இரப்பர் குழாயைப் பார்

ரொறன்ரோவில் வாழும் என் தங்கையின் மகன் 1991 ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கிவிட்டான். வட அமெரிக்காவில் மியாட்டா என்று வழங்கும், துணிக்கூரையும் இரண்டே இருக்கைகளும் கொண்ட அந்தச் சின்னஞ்சிறு ஸ்போர்ட்ஸ் கார்தான். எனது கார்ப் பித்து குடும்பத்தில் பிரசித்தம் என்பதால், செய்யவிருக்கும் மாற்றங்களின் பட்டியலை எனக்கு அனுப்பியிருந்தான். முதலாவது ரேர்போ. இரண்டாவது 17 அங்குலச் சில்லுகள். மூன்றாவது, காரைத் தரையோடு தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங்குகள். முப்பது வருடத்துக்கும் மேல் பழையதான பிறேக் குழாய்களைப் பற்றி அதில் ஒரு சொல்லேனும் இல்லை.

அவனை மட்டும் நோவதற்கில்லை. பாகங்கள் விற்போரும் காணொளி தயாரிப்போரும் சேர்ந்து ஒரு தலைமுறையையே இப்படிப் பழக்கிவிட்டார்கள். மாற்றியமைத்தல் என்ற பெயரில் இன்று நடப்பதில் பெரும்பகுதி, நல்லதொரு காரைக் காசு கொடுத்துக் கெடுக்கும் வேலையே.

இந்தக் கார் 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் வெளிவந்தபோது அதன் எஞ்சின் வெறும் 1.6 லீற்றர், அமெரிக்கக் கணக்கில் 116 குதிரைவலு. ஆனால் எடை ஒரு தொன்னை எட்டவில்லை. தொசிஹிகோ ஹிராய் தலைமையிலான பொறியியலாளர் குழு எடையைக் குறைப்பதற்கும், அதை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பங்கிடுவதற்குமே பாடுபட்டது. 1962 இல் கொலின் சப்மனின் லோட்டஸ் இலான் காட்டிய வழி அது. பிறருடைய பிரதிகளில் பெயரடைகளை வெட்டியே முப்பதாண்டு சோறு தின்றவன் என்ற முறையில் எனக்கு அந்த மனிதர்கள் மீது தனி மரியாதை உண்டு. வெட்டுவது கடினம், சேர்ப்பதற்கு யாராலும் முடியும்.

பட்டியலுக்கு வருவோம். அந்தக் காருக்கு உரியவை 14 அங்குலச் சில்லுகள், 185/60 ரயர்கள். பெரிய சில்லு என்றால் பெரும்பாலும் பாரமான சில்லு. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் பாரம் கூடினால், பள்ளம் மேட்டில் ரயர் வீதியை விட்டு எழும். ஸ்ரியறிங்கின் உணர்ச்சி மங்கும். மஸ்டா நிறுவனமே ஜப்பானில் இந்த முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பிக்கும் சேவையை 2017 இல் அறிவித்தபோது, அதே பழைய அளவு ரயரைத்தான் மீண்டும் செய்வித்தது. வடிவமைத்தவர்களுக்குத் தெரியாதது படம் பிடித்துப் போடுபவனுக்குத் தெரிந்துவிட்டதா? குட்டை ஸ்பிரிங்கின் கதையும் இதுவே. இயல்பிலேயே இக்காரின் ஸ்பிரிங் அசையும் தூரம் குறைவு. மேலும் தாழ்த்தினால் அது இரப்பர்த் தடுப்பின் மீது குந்திக்கொண்டு குதிக்கும்.

ரேர்போ? இந்த எஞ்சின் மஸ்டா 323 இல் குறுக்காகப் படுத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தது. இங்கே நெடுக்காகத் திருப்பி வைத்தபோது குளிர்நீர் வெளியேறும் வாயை முன்பக்கம் கொண்டுவந்தார்கள். அதனால் பின்னாலுள்ள நான்காவது சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடேறும். சாதாரண ஓட்டத்துக்கு அது தாங்கும். பழைய ரேடியேற்றரை அப்படியே வைத்துக்கொண்டு அதன் தலையில் ரேர்போவைக் கட்டினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லவும் வேண்டுமா?

காசிருந்தால் முதலில் செலவிடவேண்டிய இடங்கள் வேறு. துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள இரண்டு குழாய்களின் வழியே பின் சில்லுகளுக்கு முன்னால் வெளியேறும். இலையும் சேறும் அவற்றை அடைத்தால் நீர் கதவுகளின் கீழுள்ள பெட்டிச் சட்டத்தினுள் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். குளிர்காலத்தில் உப்புத் தூவும் ஒன்ராறியோவில் கேட்கவே வேண்டாம். இந்தக் கார்களைக் கொல்வது பெரும்பாலும் எஞ்சின் அல்ல, இந்தத் துருவே. வளையும் பிளாஸ்டிக் நாண் ஒன்றை உள்ளே விட்டு ஆண்டுக்கிரு தடவை துப்புரவு செய்யச் சில நிமிடம் போதும்.

பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். இரண்டாண்டுக்கொரு தடவை மாற்றவேண்டும். பின் பிறேக்குகளின் வழுக்கும் ஊசிகள் இறுகிப்போவது இக்காரின் பழைய வியாதி. ரைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒரு தடவை. அவ்வேளை நீர்ப்பம்பையும் மாற்றிவிடுவது புத்தி. ஆனால் 1991 நடுப்பகுதி வரையிலான எஞ்சின்களில் கிராங்கின் மூக்கு குட்டையானது. அதன் போல்ட்டை உரிய அளவுக்கு இறுக்காத மெக்கானிக் ஒருவர் எஞ்சினையே நாசமாக்கிவிடலாம். மருமகனின் கார் எந்த மாதத்தது என்று கேட்டேன். தெரியாதாம்!

இறுகிக் காய்ந்துபோன புஷ்களை மாற்றி, புதிய ரயர் போட்டு, நான்கு சில்லுகளின் கோணங்களையும் சரிபார்த்தால் அவன் தேடும் வேகத்தில் பாதி அங்கேயே கிடைக்கும். ரயரின் வெட்டு ஆழமாயிருக்கிறது என்று ஏமாறக்கூடாது. பக்கத்திலுள்ள நான்கு இலக்கம் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். அழகான ஸ்ரியறிங் பூட்டுவதற்காகக் காற்றுப்பையைக் கழற்றி எறிவதும், மெத்தை சுற்றாத இரும்புக் கம்பியைத் தலைக்குப் பின்னால் நிறுத்தித் தலைக்கவசமின்றி வீதியில் ஓடுவதும் வீரம் அல்ல. கார் அவனுடையது, காசும் அவனுடையது என்று தங்கை வாதிடுகிறாள். உண்மை. மண்டை?

பந்தயத் திடலுக்கென்றே கார் கட்டுவோரை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பிறேக்கிலும் குளிரூட்டலிலும் தொடங்கியே வலுவுக்கு வருகிறார்கள்.

பட்டியலைத் தலைகீழாக்கித் திருப்பி அனுப்பினேன். சென்ற கிழமை குழாய்களைத் துப்புரவு செய்தானாம். ஒரு கோப்பை கறுத்த சேறு வந்ததாகப் படம் அனுப்பியிருக்கிறான். ரேர்போ இன்னும் பட்டியலில் இருக்கிறது, ஒன்பதாவதாக.