ஆறு வாரச் சம்பள விடுப்பும் அதைக் கேட்க முடியாத பெண்களும்
கருக்கலைப்புச் சட்டம், வேலையிடம் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் நூற்பாலை, விசைத்தறிப் பட்டறை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை, ஐ.டி., பி.பி.ஓ. அலுவலகம் என்று பல இடங்களில் வேலை செய்யும் பெண்கள் சேர்ந்த சங்கம் எங்களுடையது. கூலி, ஓவர்டைம், பி.எஃப். என்று பேச வேண்டிய சங்கத்துக்குக் கருக்கலைப்பில் என்ன வேலை என்று எங்கள் உறுப்பினர்களின் வீடுகளிலேயே கேட்கிறார்கள். கருவைக் கலைக்க வேண்டிய நிலைமைக்கு வரும் பெண் அன்றைக்கு ஷிப்ட்டுக்கும் போக வேண்டியவள். லீவு கிடைக்குமா, சம்பளத்தில் பிடிப்பார்களா, சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிடுமா என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் அவள் அரசு மருத்துவமனைக்குப் போகிறாளா, யாரோ வாங்கிக் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு மெஷின் முன்னால் நிற்கிறாளா என்பது முடிவாகிறது. அதனால்தான் பாதுகாப்பான கருக்கலைப்பைத் தொழிலாளர் உரிமை என்கிறோம். குழந்தை பெற்றுக்கொள்வதும் பெற்றுக்கொள்ளாததும் அந்தப் பெண்ணின் முடிவு. கணவனோ, மாமியாரோ, வார்டனோ, முதலாளியோ அதில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறோம். மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் வந்தது. 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2021இல் திருத்தப்பட்டபோது, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும் என்றும், குறிப்பிட்ட சில பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு செய்யலாம் என்றும் ஆனது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், கர்ப்பமாக இருக்கும்போது கணவனை இழந்தவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் அந்தப் பிரிவுகளில் வருகிறார்கள். கணவன் துணையின்றி, மணமாகாமல் வாழும் பெண்ணுக்கும் அந்த 24 வாரம் பொருந்தும் என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் கேட்காத குடும்பச் சம்மதத்தையோ ஆதாரங்களையோ மருத்துவர்கள் கேட்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். அவள் பெயரை வெளியே சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

இத்தனை இருந்தும் இதை முழு உரிமை என்று எங்களால் சொல்ல முடியவில்லை. கருக்கலைப்பு இன்றும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆவது பிரிவில் குற்றம்தான். தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அந்தப் பிரிவுக்குள் வருகிறாள். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் குற்றத்துக்கு ஒரு விதிவிலக்கை மட்டுமே தருகிறது. அந்த விதிவிலக்கின் சாவியை மருத்துவர் கையில் கொடுத்திருக்கிறது. இந்தியாவில் 2015இல் நடந்த கருக்கலைப்புகள் ஏறத்தாழ 1.56 கோடி என்றும், அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்றும் தமிழ்நாட்டையும் உள்ளடக்கிய ஓர் ஆய்வு 2018இல் கணக்கிட்டுச் சொன்னது. குற்றப் பிரிவிலிருந்து அந்தப் பெண்களை முதலில் வெளியே எடுக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

அடுத்ததாக நாங்கள் சொல்ல வருவதுதான் எங்கள் சங்கத்தின் சொந்த விஷயம். மகப்பேறு பயன் சட்டம், 1961. அதன் 9ஆவது பிரிவு, கருச்சிதைவு ஆனாலும் மருத்துவரிடம் கருவைக் கலைத்துக்கொண்டாலும் அன்றிலிருந்து ஆறு வாரத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. அதனால் உடல்நலம் கெட்டால் மேலும் ஒரு மாதம். அந்த விடுப்பில் இருப்பவளை வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஆறு வாரம் அப்படியே தொடர்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. மூலமாகவே இந்தப் பணம் வர வேண்டும்.

மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த ஆறு வாரம் யாருக்கும் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் கேட்பதில்லை, கேட்டால் சான்று காட்ட வேண்டும், சான்று காட்டினால் சங்கதி வெளியே வந்துவிடும். ரகசியம் காக்கச் சொல்லும் கருக்கலைப்புச் சட்டப் பிரிவு மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது. அதே சான்றிதழ் டைம் ஆபீஸுக்கோ எச்.ஆர்.க்கோ போன பிறகு அதைக் காக்கச் சொல்ல அந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

சேலத்தில் மெடிக்கல் கோடிங் செய்யும் பெண்கள் நிறையப் பேர். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்பைப் படித்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய குறியீட்டைப் போடுவது அவர்கள் வேலை. விருப்பப்பட்டுக் கருவைக் கலைக்க வரும் பெண்ணுக்கு இசட் 33.2 என்பது அவர்களுக்கு மனப்பாடம். 2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1973 முதல் இருந்த கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்தபோது, எந்த மாநிலத்தில் எது செல்லும், எது செல்லாது என்ற விவாதம் இவர்கள் உட்கார்ந்திருக்கும் ஹால் வரைக்கும் வந்தது. இவர்களில் ஒருத்திக்கு நாள் தள்ளிப்போனால், அலுவலக லீவு ஆப்பைத் திறக்கிறாள். ‘காரணம்’ என்ற கட்டத்தில் காய்ச்சல், குடும்ப விசேஷம், சொந்த வேலை என்று வரிசை வருகிறது. அதில் இது இல்லை. ‘சொந்த வேலை’ என்று போட்டு இரண்டு நாள் எடுக்கிறாள். டீம் லீடர் அதையும் ஒருநாளாகக் குறைக்கிறார். அமெரிக்க நேரத்துக்கு ஓடும் ஷிப்ட் விடியற்காலையில் முடிகிறது; அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு காலையில்தான். தூங்காத கண்ணோடு வரிசையில் நிற்கிறாள்.

நூற்பாலை விடுதியில் நிலைமை இன்னும் இறுக்கம். மாத்திரையால் கலைப்பதை ஒன்பது வாரம் வரை செய்யலாம். முதல் நாள் ஒரு மாத்திரை, மூன்றாம் நாள் அடுத்தது, பதினைந்தாம் நாள் பரிசோதனை என்று மூன்று முறை மருத்துவமனைக்கு வரச் சொல்கிறது அரசின் வழிகாட்டுதல். மூன்று முறை அவுட்பாஸ். மூன்று முறையும் வார்டன் கேட்பார், எதற்கு, யாரோடு, எப்போது திரும்பி வருவாய் என்று. போனால் அன்றைய கூலியோடு அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். இதில் மணமாகாத பெண் என்ன செய்வாள் என்று யோசித்துப் பாருங்கள். முதல் மாதத்தில் மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டியது நான்காம் மாதம், ஐந்தாம் மாதம் என்று தள்ளிப்போவதற்குக் காரணம் அவள் அலட்சியம் என்று பழிக்கிறார்கள். அவளைக் கேட்டிலேயே நிறுத்தி வைத்தது யார்?

பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை பக்கம் தறிப் பட்டறைகளில் இந்த ஆறு வாரமே செல்லாது. நான்கு தறி, எட்டுத் தறி ஓடும் கொட்டகையில் பத்துப் பேர் இருக்க மாட்டார்கள். சட்டத்தின் கணக்கில் அது வராது. தறி ஓட்டும் கணவனும் தார் போடும் மனைவியும் சேர்ந்து முதலாளியிடம் வாங்கிய பாக்கி தலைமேல் இருக்கிறது. பாக்கி தீராமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது, ஒரு வாரம் படுக்கவும் முடியாது. கடன் அடைக்கச் சிறுநீரகத்தையே விற்ற தொழிலாளர்களின் கதை 2025 ஜூலையில் பள்ளிபாளையத்திலிருந்துதான் வெளியே வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2022இல், ஈரோட்டுப் பக்கம் 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டையைத் திரும்பத் திரும்ப எடுத்து விற்றது தெரியவந்தது. உடலை விற்கத் தயாராக ஆள் இருக்கும் பகுதியில், அந்த உடலுக்கு ஓய்வு தரும் சட்டம் பத்துப் பேர் கணக்குப் பார்த்து நிற்கக் கூடாது. அமைப்புசாரா நலவாரியங்கள் வழியாக, வாரிய அட்டை உள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆறு வாரக் குறைந்தபட்சக் கூலியைத் தமிழக அரசே தர வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் தரும் அரசால் இது முடியாத காரியம் அல்ல.

இங்கே பெண் சிசுக்கொலையைச் சொல்லி எங்களை மடக்குவார்கள். சேலத்தில் அந்தக் கேள்வி வராமல் இருக்காது, வரவும் வேண்டும். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஜெயலலிதா அரசு தொடங்கியதே சேலத்தில்தான்; நாமக்கல் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 851 மட்டுமே. கையில் எடுத்துப் போகும் ஸ்கேன் கருவியோடு ஊர் ஊராகப் போய்ப் பாலினம் சொல்லும் கும்பல்கள் தர்மபுரி பக்கம் இன்றும் பிடிபடுகின்றன. கருவில் இருப்பது பெண் என்று தெரிந்து கலைப்பதை நாங்கள் எதிர்க்கிறோம். பாலினம் சொல்லும் மருத்துவரையும் தரகரையும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டிக்க வேண்டும். அந்தப் பெண்ணைத் தண்டிக்கக் கூடாது. பெரும்பாலும் அந்த முடிவு அவளுடையது அல்ல, வரதட்சணையும் சொத்துப் பங்கும் எண்ணிப் பார்க்கும் குடும்பத்துடையது.

ஆனால் சிசுக்கொலையின் பெயரைச் சொல்லி மாத்திரையை மருந்துக்கடையிலிருந்தே விரட்டியது என்ன நியாயம்? மருத்துவர் சீட்டுக்குத் தர வேண்டிய மாத்திரை அது. ரெய்டுக்குப் பயந்து, சீட்டோடு போனாலும் “அதெல்லாம் நாங்க வெக்கறதில்லீங்க” என்கிறார்கள். ஒன்பது வாரத்துக்குள் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று தெரியாது. அதாவது, அந்த மாத்திரையைச் சட்டப்படி வாங்க வரும் பெண் பாலினம் பார்த்துவிட்டு வந்தவளாக இருக்க வழியில்லை. முறையான கடையில் கிடைக்காததால் முறையற்ற இடத்தில் கூடுதல் விலை கொடுத்து, எத்தனை வாரம் ஆயிற்று என்று கேட்க ஆளில்லாமல் விழுங்குகிறாள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த நடைமுறையைத் திருத்தி, மருத்துவர் சீட்டுக்கு மாத்திரை கொடுக்கும் கடைக்குத் தொந்தரவு வராது என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது; அதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் நிலைப்பாடு பாதிதான். வேலை போய்விடும் என்ற பயத்தில், பெற்றுக்கொள்ள ஆசைப்பட்ட கருவைக் கலைக்கும் பெண்களும் எங்களிடையே இருக்கிறார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதத்தில் கர்ப்பம் தெரிந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். புரொபேஷனில் இருப்பவளிடம் கல்யாணம் எப்போது என்று இன்டர்வியூவிலேயே கேட்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் தொழிற்சாலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் செய்தி வந்தபோது, மத்திய தொழிலாளர் துறை தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. எங்கள் பகுதிப் பெண்கள் அதைப் படித்து ஆச்சரியப்படவில்லை. வேலையைக் காப்பாற்றக் கலைத்தாலும், கலைக்க வழியில்லாமல் பெற்றாலும் இரண்டும் கட்டாயம்தான். தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, இரண்டு குழந்தை ஏற்கெனவே இருக்கிறது என்று மகப்பேறு விடுப்பை மறுத்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2025 மே மாதம், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்று தீர்ப்பு வந்தது. அந்த ஆசிரியைக்கு நாங்கள் நன்றி சொல்கிறோம்.

சில பெரிய நிறுவனங்கள் தாமாகவே இதையெல்லாம் செய்கின்றனவே என்று ஐ.டி.யில் இருக்கும் தம்பிகள் சொல்வதுண்டு. அமெரிக்காவில் 2022இல் அமேசான், ஊழியர்கள் கருக்கலைப்பு உள்ளிட்ட சிகிச்சைக்கு வேறு மாநிலம் போக ஆண்டுக்கு 4,000 டாலர் வரை தருவதாக அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் நிறுவனம் மனம்வைத்துக் கொடுப்பது வேலை இருக்கும்வரைதான். ஆட்குறைப்பு மெயில் வந்த மறுநாள் அதுவும் போய்விடும், நேரடி ஊழியருக்குக் கிடைப்பது கான்ட்ராக்டில் இருப்பவளுக்கு முதலிலிருந்தே கிடையாது. சட்டத்தில் இருப்பதைத்தான் சட்டையைப் பிடித்துக் கேட்க முடியும்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்து நின்றதால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். கடைப் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டமும் 2021இல் அப்படி வந்ததுதான்.

எங்கள் கோரிக்கையின் மையம் சிறியது, செய்யக்கூடியது. ஆறு வார விடுப்புக்கான சான்றிதழில் காரணம் எழுதக் கூடாது. ‘மகப்பேறு பயன் விதிகளின்படி ஆறு வாரம் ஓய்வு தேவை’ என்று அரசு மருத்துவரோ இ.எஸ்.ஐ. மருத்துவரோ கையெழுத்திட்டால் நிர்வாகம் அதை ஏற்க வேண்டும், மேற்கொண்டு கேட்கக் கூடாது. கேட்டால், கேட்டவருக்கும் மருத்துவருக்குப் போல அதே தண்டனை. புதிய சட்டத் தொகுப்புகளுக்கு விதி வகுக்கும்போது இந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். விடுதி வார்டன் மருத்துவமனைக்குப் போகும் பெண்ணை நிறுத்தி விசாரிக்கத் தடை வேண்டும். வட்டத் தலைமை மருத்துவமனைகளில் வாரத்தில் இரண்டு நாளாவது மாலை நேரத்தில் கருக்கலைப்புப் பிரிவு திறந்திருக்க வேண்டும்.

எங்கள் சங்கத்தில் மத நம்பிக்கையால் கருக்கலைப்பை ஏற்காத அக்காமார்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாரையும் மனம் மாறும்படி நாங்கள் சொல்லவில்லை. தனக்கு வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பக்கத்து மெஷினில் நிற்பவளுக்கும் தன் முடிவை எடுக்கும் உரிமை உண்டு என்பதை அவர்களும் ஒப்புக்கொண்ட பிறகே இந்த அறிக்கை வெளியாகிறது.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கணவர் கையெழுத்தை யாராவது கேட்டால், சட்டத்தில் அது இல்லை என்று சொல்லுங்கள். மணமாகிவிட்டதா என்று கேட்டாலும் அதே பதில்தான். வேலையிடத்தில் ஆறு வாரம் மறுத்தால், மறுப்பதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். எங்களைக் கூப்பிடுங்கள், கூட வருகிறோம்.