ரப்பர் தவளை வீசும் நண்பர்களுக்கு

ஐப்பசி மழையில் எங்க நாமக்கல் பக்கத்து ஏரிகளில் கொஞ்சம் தண்ணி நின்றால் போதும், ஞாயிற்றுக்கிழமை கரையில் கார் வந்து நிற்கும். இறங்குறவங்க கையில் மண்புழுவும் இல்லை, தக்கையும் இல்லை. நீளமான ராடு, அதன் நுனியில் ரப்பர் தவளை. விராலுக்கு வைக்கிற பொறி அது.

மீன் பிடிக்காதீங்கன்னு சொல்ல நான் யாருங்க? மீன் தின்னாத ஊரா இது! என் சண்டை ஒன்றே ஒன்றுதான். குஞ்சு காக்கிற விராலைப் பிடிக்காதீங்க.

விரால் முட்டையைப் போட்டுவிட்டுப் போகிற மீன் இல்லை. தாயும் தகப்பனும் காவல் நிற்கும். குஞ்சுகள் செக்கச்செவேல்னு ஒரே கொத்தாக மேலே வந்து மூச்சு வாங்கும். பெரியது அடியில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் கொத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் நடுவில் ரப்பர் தவளையைப் போடுறாங்க. விரால் பசியில் கடிக்கலைங்க. பிள்ளையைத் தின்ன வந்த தவளைன்னு நினைத்துப் பாய்கிறது. இதற்குப் பெயர் திறமையா?

"போட்டோ எடுத்துட்டுத் திரும்ப விட்டுடறோமே" என்பீங்க. நீங்க போட்டோ எடுக்கிற நேரத்தில் காவல் இல்லாத குஞ்சை கெளுத்தியும் நீர்க்காக்கையும் விட்டுவைக்குமா?

இந்த ரப்பர் வித்தை அமெரிக்காவில் பேஸ் மீனுக்காக வளர்ந்தது. ஒகையோ மாநிலத்து நிக் கிரீம் 1949-இல் பிளாஸ்டிக் புழு செய்தார். பேஸும் கூடு காக்கிற மீன்தான். அதனால் கனடாவின் ஒன்டாரியோவில், தென்பகுதியின் பல இடங்களில் ஜூன் பிற்பாதி வரை அதைப் பிடிக்க விடுவதில்லை. பொறியை வாங்கிக்கொண்ட நாம் கட்டுப்பாட்டை மட்டும் ஏன் விட்டுவிட்டோம்? அவ்வளவு தூரம் எதற்கு? நம்ம கிழக்குக் கடலிலேயே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. பிழைப்புக்கு மீன் பிடிக்கிறவனே இனப்பெருக்கத்துக்காகக் காத்திருக்கிறான். பொழுதுபோக்குக்கு வருகிறவர் காத்திருக்கக் கூடாதா?

பிய்ந்த ரப்பரும் தங்கூசியும் வேறு கரையில் கிடக்கிறது. ரப்பர் மக்காது, மீன் விழுங்கினால் செரிக்காது. தங்கூசி கொக்கு காலிலும் ஆட்டுக் காலிலும் சுற்றுகிறது.

சிவப்புக் கொத்து தெரிந்தால் ராடைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போங்க. கொண்டு வந்த குப்பையைக் காரிலேயே திரும்ப எடுத்துப் போங்க. விதைநெல்லைக் குத்தித் தின்றால் அடுத்த போகம் ஏதுங்க? குஞ்சு பிழைத்தால்தான் உங்க தூண்டிலுக்கும் எங்க குழம்புக்கும் விரால்.